எந்த இடத்தில் சிரிக்கவில்லை?

1962ஆம் ஆண்டின் வசந்த காலம். பண்டைய ரோமாபுரியில் நடக்கும் ஒரு கோமாளிக் கதையை இசை நாடகமாக்கி, நியூயார்க்குக்குக் கொண்டுபோகும் முன் வாஷிங்டனில் நடத்திப் பார்த்தார்கள். விடுதலை வாங்குவதற்காகத் தில்லுமுல்லு செய்யும் அடிமையாக ஸீரோ மோஸ்டெல் நடித்தார். இசையும் பாடல் வரிகளும் ஸ்டீபன் சொந்தைம். ‘எ ஃபன்னி திங் ஹேப்பண்ட் ஆன் த வே டு த ஃபோரம்’ என்பது நாடகத்தின் பெயர். பக்கத்துக்குப் பக்கம் நகைச்சுவை இருந்தும் அரங்கில் சிரிப்பு வரவில்லை.

நடன அமைப்பாளரும் இயக்குநருமான ஜெரோம் ராபின்ஸை அழைத்துவந்து காட்டினார்கள். வசனம் நன்றாகத்தான் இருக்கிறது, முதல் பாட்டுதான் தப்பு என்றார் அவர். அது காதலைப் பற்றிய மென்மையான, இனிமையான பாட்டு. அதைக் கேட்ட ரசிகர்கள் நளினமான ஒரு காதல் கதைக்குத் தயாராகி உட்கார்ந்துவிட்டார்கள். அதன்பின் மேடையில் ஓட்டமும் துரத்தலும் ஆள்மாறாட்டமும் வந்தபோது, சிரிக்கலாமா கூடாதா என்றே அவர்களுக்குப் பிடிபடவில்லை. இன்று இரவு வெறும் வேடிக்கைதான், வேறெதுவும் எதிர்பார்க்காதீர்கள் என்று நேரடியாகச் சொல்கிற புதிய தொடக்கப் பாட்டை சொந்தைம் எழுதினார். ‘காமெடி டுநைட்’ என்ற அந்தப் பாட்டை ராபின்ஸே மேடையில் அமைத்துக் கொடுத்தார். அதே நகைச்சுவைகளுக்கு அரங்கம் சிரித்தது. மே 8 அன்று நியூயார்க்கில் திறப்பு. மொத்தம் 964 காட்சிகள்.

இந்தக் கதையை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. புதிய இசை நாடகத்தின் ‘பிரிவியூ’ காட்சிகள் எதற்காக நடக்கின்றன என்பது இதில் முழுதாக இருக்கிறது.

நம் ஊரில் பிரிவியூ என்றால் முடிந்துபோன படத்தைப் பத்திரிகைக்காரர்களுக்கும் வேண்டப்பட்டவர்களுக்கும் இலவசமாகப் போட்டுக் காட்டுவது. நியூயார்க்கின் பிராட்வேயிலும் லண்டனின் வெஸ்ட் எண்டிலும் அது வேறு. டிக்கெட் வாங்கி வரும் பொதுமக்களுக்கு, இன்னும் முடியாத நாடகத்தைக் காட்டுவார்கள். பெரும்பாலும் சில வாரங்கள். இரவில் காட்சி, மறுநாள் பகலில், முந்தைய இரவு எங்கே தொய்ந்தது என்று பார்த்து ஒத்திகை. பாட்டு வெட்டப்படும், வசனம் மாறும், காட்சிகள் இடம் மாறும். திறப்பு நாள் நெருங்கும்போது இனி எதையும் மாற்றுவதில்லை என்று நாடகத்தை உறையவைப்பார்கள். விமர்சகர்களுக்கு அதன்பிறகுதான் அழைப்பு. அந்தக் காலத்தில் நியூ ஹேவன், பாஸ்டன், வாஷிங்டன் என்று வெளியூர்களில் இந்தச் சோதனை நடந்தது. இன்று நியூயார்க்கிலேயே நடப்பது அதிகம்.

ஒத்திகைக் கூடத்தில் இதைச் செய்ய முடியாதா? முடியாது. கூட இருப்பவர்களுக்குக் கதை மனப்பாடம். ஐம்பது முறை கேட்ட நகைச்சுவைக்கு யாரும் சிரிப்பதில்லை. ஆயிரம் புது ஆட்கள் உட்கார்ந்தால்தான் சிரிப்பு எத்தனை நொடி நீளும், அடுத்த வசனத்துக்கு எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்று நடிகருக்குத் தெரியும். இயக்குநர் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று பார்ப்பது மேடையை மட்டுமல்ல, எதிரே இருக்கும் தலைகளையும்தான். இருமல், இருக்கையில் நெளிதல், தாளைப் புரட்டும் சத்தம் எல்லாம் அவருக்குச் சேதி.

அந்தச் சேதியைப் படிப்பதுதான் கடினம். ரசிகரின் சலிப்பு பொய் சொல்லாது. ஆனால் பத்தாவது நிமிடத்தில் நடந்த பிழைக்கு அவர் ஐம்பதாவது நிமிடத்தில் இருமுவார். காரணம் கேட்டால், தான் இருமிய இடத்தையே காட்டுவார்.

1975இல் நியூயார்க்கின் பப்ளிக் தியேட்டரில் மைக்கேல் பென்னட் இயக்கிய ‘எ கோரஸ் லைன்’ நாடகத்தில் நடந்தது இன்னும் நுட்பமானது. தன் உடலைப் பற்றி ஒரு நடனப் பெண் பாடும் குறும்புப் பாட்டுக்குச் சிரிப்பு வரவேண்டிய இடத்தில் வரவில்லை. பாட்டிலும் குறையில்லை, பாடியவரிடமும் குறையில்லை. பாட்டில் வரும் கொச்சையான வேடிக்கைச் சொல்லே அதன் தலைப்பாக, ரசிகர் கையிலிருந்த நிகழ்ச்சித் தாளில் அச்சாகியிருந்தது. குட்டு முன்பே உடைந்துவிட்டது. தலைப்பை ‘டான்ஸ் டென், லுக்ஸ் த்ரீ’ என்று மாற்றினார்கள். பாட்டில் ஒரு சொல்லும் மாறவில்லை, சிரிப்பு வந்தது. எனக்கு மிகவும் பிடித்த திருத்தம் இது. அச்சுத் தாளில்கூட நாடகத்தின் ஒரு பகுதி இருக்கிறது என்று அன்று ரசிகர்கள்தான் காட்டிக்கொடுத்தார்கள்.

எல்லாத் திருத்தமும் இப்படிப் பலிப்பதில்லை. 1981இல் சொந்தைமும் இயக்குநர் ஹால் பிரின்ஸும் ‘மெர்ரிலி வீ ரோல் அலாங்’ நாடகத்தைக் கொண்டுவந்தார்கள். நண்பர்கள் மூவரின் கதை பின்னோக்கிச் செல்லும்: கசந்துபோன நடுவயதில் தொடங்கி, கனவு நிறைந்த இளமையில் முடியும். எல்லா வேடங்களிலும் இளவயதினரே நடித்தார்கள். பிரிவியூக்களில் யார் யார் என்றே தெரியாமல் ரசிகர்கள் குழம்பினார்கள், பலர் பாதியில் எழுந்துபோனார்கள். கதாநாயகன் மாற்றப்பட்டார், நடன அமைப்பாளர் மாற்றப்பட்டார், திறப்பு தள்ளிப்போனது. உடைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, பாத்திரத்தின் பெயரையோ உறவையோ எழுதிய பனியன்களை நடிகர்களுக்கு மாட்டினார்கள். அந்த வாரங்களை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது. அத்தனை பேரும் இரவு பகலாக உழைத்திருக்கிறார்கள். நவம்பர் 16 அன்று திறந்து, 16 காட்சிகளில் மூடிவிட்டார்கள்.

ரசிகர்கள் குழம்பினார்கள் என்பது உண்மை. நெஞ்சில் பெயரை எழுதி ஒட்டினால் குழப்பம் தீரும் என்று நினைத்ததுதான் பிசகு. யார் என்று தெரிந்தபின்னும், முதல் காட்சியிலேயே கசப்போடு வருகிற ஒருவன்மீது ஏன் அக்கறை கொள்ள வேண்டும் என்ற கேள்வி மிஞ்சியது என்பது என் கணிப்பு. பின்னாளில் பிரதியைத் திரும்பத் திரும்ப எழுதினார்கள், முதிர்ந்த நடிகர்களும் வந்தார்கள். மரியா ஃப்ரீட்மன் இயக்கத்தில் 2023இல் பிராட்வேக்குத் திரும்பிய அதே நாடகம், சிறந்த மறுமேடையேற்றத்துக்கான டோனி விருதை 2024இல் வாங்கியது.

‘ஸ்பைடர்மேன்: டர்ன் ஆஃப் த டார்க்’ பிரிவியூக்களின் நீளத்துக்காகப் பேசப்படுவது. 2010 நவம்பர் 28 அன்று தொடங்கி 182 பிரிவியூக்கள். 2011 ஜூன் 14 அன்றுதான் திறப்பு. முதல் இரவே கயிற்றில் பறக்கும் காட்சிகளில் கோளாறாகி நாடகம் நின்று நின்று நடந்தது. சண்டைக் கலைஞர் ஒருவர் மேடையிலிருந்து விழுந்து படுகாயம் அடைந்தார். முழுக் கட்டணம் வாங்கிக்கொண்டு இத்தனை மாதம் ‘சோதனை’ என்று சொல்லலாமா என்று பொறுமையிழந்த விமர்சகர்கள், பிப்ரவரியிலேயே விமர்சனம் எழுதிவிட்டார்கள். அவர்கள் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த ‘பாம்பே ட்ரீம்ஸ்’ லண்டனில் 2002இல் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஓடியது. ‘முதல்வன்’ படத்தின் ‘ஷக்கலக்க பேபி’யும் அதில் உண்டு. அதை 2004இல் பிராட்வேக்குக் கொண்டுபோனபோது, அமெரிக்க ரசிகருக்காகப் பிரதியைத் திருத்தி, ஒரு மாதம் பிரிவியூ நடத்தினார்கள். அங்கே அது 2005 ஜனவரி 1 அன்று முடிந்தது. ஓர் ஊரின் கைதட்டல் இன்னோர் ஊருக்குச் செல்லாது என்பதால், முன்பே வென்ற நாடகத்துக்கும் இந்தச் சோதனை தேவைப்படுகிறது.

ஆகவே பிரிவியூவுக்கு டிக்கெட் வாங்குபவர், திறப்புக்குப் பின் மற்றவர்கள் பார்க்கப்போகும் அதே நாடகத்தைப் பார்ப்பதாக நினைக்க வேண்டாம். ‘எ கோரஸ் லைன்’ பிரிவியூக்களில், கதையில் நடக்கும் நடனக் குழுத் தேர்வின் முடிவில் காஸி என்ற நடனக்காரிக்கு இடம் கிடைக்காமல் போனது. பார்க்க வந்திருந்த நடிகை மார்ஷா மேசன், அவளுக்கு இடம் கிடைத்தே ஆகவேண்டும் என்று பென்னட்டிடம் சொன்னார். பென்னட் முடிவை மாற்றினார். அதன்பின் பிராட்வேயில் நடந்த 6,137 காட்சிகளிலும் காஸிக்கு இடம் உண்டு. அவள் தோற்று வெளியேறியதைப் பார்த்தவர்கள் 1975 வசந்தத்தின் முதல் சில இரவுகளில் வந்தவர்கள் மட்டும்தான்.