உடையும் உள்ளமும்: மனச்சிதைவு நோயாளரின் உடைப் பழக்கங்கள்

மே மாதத்து நண்பகலில், தாராவியின் குறுகிய சந்து ஒன்றில், தகரக் கூரை வீட்டின் வாசலில் ஓர் இளைஞர் அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சட்டைகளும், அவற்றுக்கு மேல் ஒரு கம்பளிச் சட்டையும் அணிந்திருக்கிறார். காதுகளை மறைத்து ஒரு துண்டைக் கட்டியிருக்கிறார். தாயார் கெஞ்சுகிறார், தமையனார் அதட்டுகிறார், தெருப் பிள்ளைகள் நகைக்கின்றனர். அவர் இவ்வாறு உடுத்துவதற்குக் காரணம் என்ன என்று கேட்பார் மட்டும் எவருமில்லை. வீடு வீடாகச் செல்லும் சுகாதார ஊழியர்களுக்கு இத்தகைய காட்சி புதிதன்று.

மருத்துவர்கள் ஸ்கிஸோஃப்ரீனியா என்று வழங்கும் மனச்சிதைவு நோயில் இத்தகைய உடைப் பழக்கங்கள் அடிக்கடி காணப்படுகின்றன. உலகில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர் இந்நோய்க்கு ஆளாகியிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளிலோ இது தொடங்குகிறது. இல்லாத குரல்கள் கேட்பதும், ஆதாரமற்ற நம்பிக்கைகள் வேரூன்றுவதும், சிந்தனையின் ஒழுங்கு குலைவதும், எதிலும் நாட்டம் குன்றுவதும் இதன் முக்கிய அறிகுறிகளாம்.

விந்தையான உடையெல்லாம் நோயாகுமா?

ஆகாது. மும்பையின் நடைபாதையில் வாழ்பவர் தம் துணிகள் அனைத்தையும் அணிந்திருப்பாராயின், அவற்றை வைத்துப் பூட்ட அவருக்கு ஒரு பெட்டிகூட இல்லை என்பதே காரணமாக இருக்கலாம். கட்டட வேலை செய்யும் பெண்கள் சேலையின் மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையை அணிவது வெயிலையும் தூசியையும் தடுப்பதற்காகவே. எனவே, உடையைத் தனியாகக் கொண்டு எவரையும் நோயாளி என்று முடிவு செய்வது தவறு. ஒருவரது முந்தைய வழக்கத்திலிருந்து உடை மாறியிருக்கிறதா, அத்துடன் உறக்கக் குறைவு, தனிமை நாடுதல், தமக்குத் தாமே பேசுதல், வேலையையோ படிப்பையோ கைவிடுதல் ஆகியவையும் சேர்ந்துள்ளனவா என்பதே கவனிக்கத்தக்கது.

காரணங்கள் பல

முதலாவதாக, சிந்தனை ஒழுங்கு குலையும்போது, உடுத்துதல் என்னும் எளிய செயலும் கடினமாகிறது. முன்பு அணிந்ததைக் களைந்த பின்னரே அடுத்ததை அணிய வேண்டும் என்ற வரிசை தவறிப்போகலாம்.

இரண்டாவதாக, தம்மைப் பிறர் கண்காணிக்கின்றனர் என்றோ, கதிர்களால் தாக்குகின்றனர் என்றோ நம்புபவருக்கு உடை ஒரு கவசமாகிறது. காதில் கட்டிய துண்டு, இடைவிடாது கேட்கும் குரலை அடக்கும் முயற்சியாக இருக்கலாம்.

மூன்றாவதாக, நாட்டம் குன்றியோர் ஒரே உடையைப் பல நாட்கள் அணிவர். இதனைச் சோம்பல் என்று குடும்பத்தார் கருதுவர். உண்மையில் இதுவும் நோயின் ஓர் அறிகுறியே.

நான்காவதாக, மருந்துகளின் பக்க விளைவுகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சில மருந்துகளால் உடல் எடை கூடி, பழைய சட்டைகள் பொருந்தாமற்போகும். சிலவற்றால் கைந்நடுக்கம் ஏற்பட்டுப் பொத்தான் மாட்டுவது இயலாததாகும். பொத்தானில்லாத பனியனும் நாடா வைத்த கால்சட்டையும் வாங்கித் தருவதாலேயே இத்தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

வெயிலும் மருந்தும்

இப்பழக்கத்தில் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் கூறு ஒன்றுண்டு. மனச்சிதைவு நோயாளரின் உடல் வெப்பத்தைச் சமன்செய்யும் ஆற்றலில் குறைவுடையது என ஆய்வுகள் காட்டுகின்றன. இந்நோய்க்குரிய மருந்துகளும் அக்குறையை மிகுவிக்கலாம். இம்மருந்துகளுள் முதலாவதான குளோர்புரோமஸினை 1950களின் தொடக்கத்தில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆன்ரி லபோரி, அறுவையின்போது நோயாளியின் உடல் வெப்பத்தைத் தணிப்பதற்கான கலவையில் சேர்த்தார் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. அதன்பின், 1952இல், டிலே, டெனிகர் என்ற பாரிஸ் மருத்துவர்கள் அதனை மனநோய்க்குப் பயன்படுத்தினர். கைந்நடுக்கத்தைத் தணிக்க உடன் வழங்கப்படும் டிரைஹெக்ஸிஃபெனிடில் போன்ற மருந்துகள் வியர்வையைக் குறைக்கின்றன. வியர்வை குறைந்தால் உடல் குளிரும் வழியும் அடைபடுகிறது.

2021ஆம் ஆண்டு கோடையில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் வீசிய வெப்ப அலையில் 619 பேர் மாண்டனர். பின்னர் நடந்த ஆய்வில், நாட்பட்ட நோய்களுள் மனச்சிதைவே அம்மரணங்களோடு மிக நெருங்கிய தொடர்புடையதாகக் காணப்பட்டது. குளிர்நாட்டிலேயே இந்நிலையெனில், காற்றில் ஈரம் மிகுந்த மும்பையில், தகரக் கூரையின் கீழ், கம்பளிச் சட்டையுடன் இருப்பவரின் நிலையைக் கூற வேண்டுவதில்லை.

வெப்பத் தாக்குதலின் முதற்குறிகளுள் மனக்குழப்பமும் ஒன்று. அதனை மனநோய் முற்றியதாகக் கருதி, அறையில் அடைத்து வைக்கும் தவறு நேரக்கூடும். உடல் கொதித்து, நடை தள்ளாடி, பேச்சுக் குழறினால், உடனே நிழலுக்குக் கொண்டு சென்று, மேலுடைகளை அகற்றி, ஈரத்துணியால் துடைத்து விசிறி, 108 ஊர்தியை அழைக்க வேண்டும்.

செய்யத்தக்கன

ஆபத்தில்லாதபோது, உடையைப் பலவந்தமாகக் களைய முற்படலாகாது. கவசம் என்று நம்புவதைப் பறித்தால் அச்சம் பெருகும்; நம்பிக்கை குலையும். "ஐயா, உடம்பெல்லாம் கொதிக்கிறதே, மேலே உள்ளதை மட்டும் எடுத்து இங்கேயே வைப்போமா?" என்று தாயார் கேட்பது அதட்டலினும் பயன் தரும். கம்பளிக்குப் பதிலாக மெல்லிய பருத்தித் துணியைத் தரலாம். குளித்தெழும் வேளையில் புதிய உடையைக் கையருகே வைக்கலாம். அடிக்கடி நீர் பருகத் தர வேண்டும். வெப்பத்திற்கு அஞ்சி மருந்தைத் தாமாகவே நிறுத்தலாகாது; அளவை மாற்றுவது மருத்துவரின் பொறுப்பு.

தாராவியில் இவ்விஷயம் சந்தறியும்; மாட்டுங்கா, செம்பூர் அடுக்குமாடி வீடுகளிலோ கதவுக்குப் பின்னால் மறைக்கப்படலாம். இரண்டிடத்தும் சிகிச்சை தாமதமாவதற்குக் காரணம் வெட்கமே. தாராவிக்கு அருகிலுள்ள சயான் மாநகராட்சி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலும் ஆலோசனை பெறலாம்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தன் 20ஆம் பிரிவில், மனநல நிலையங்களில் சிகிச்சை பெறுவோர் விரும்பினால் தம் சொந்த உடையை அணியலாம் என்றும், கட்டாயமாக மொட்டையடிக்கலாகாது என்றும் வகுத்துள்ளது. உடை மானத்தைக் காப்பது; அதனைத் தேர்வது நோயாளரின் உரிமை. இதே மதிப்பை வீட்டிலும் தெருவிலும் அளிப்பது நம் கடமையாகும்.

ஆசிரியர்கள் தம் மாணவரிடம் இதனை எடுத்துரைத்தல் நலம். நகைக்கும் பிள்ளைகளிடையே அந்த இளைஞரின் தங்கையோ மகனோ தலைகுனிந்து அமர்ந்திருக்கலாம். கள ஊழியர்கள் அத்தகைய ஒருவரைக் காணும்போது, முதலில் அவரது உடல் வெப்பத்தைக் கவனிக்க. அடுத்து, அவரிடமே காரணத்தைக் கேட்க. அவர் தரும் விடை விந்தையாக இருந்தாலும், மருத்துவரிடம் அவரை அழைத்துச் செல்லும் வழி பெரும்பாலும் அந்த உரையாடலிலிருந்தே தொடங்குகிறது.