'என்னடா முறைக்கிறே?'

இரவுச் சாப்பாட்டு வரிசையில் ஒரு பையன் தட்டோடு நிற்கிறான். முன்னால் நிற்பவன் திரும்பிப் பார்க்கிறான், சும்மாதான். "என்னடா முறைக்கிறே?" அடுத்த நொடி தட்டு பறக்கிறது. விடலைப் பிள்ளைகள் தங்கும் இல்லங்களில் சண்டை பெரும்பாலும் இப்படி ஒன்றுமில்லாததில்தான் தொடங்கும். "மனசுல ஈரமே இல்லாத பசங்க" என்று சொல்லிவிடுவார்கள் பெரியவர்கள்.

ஆய்வுகள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. டேவிட் வாச்சனும் சகாக்களும் இரக்கம், வன்முறை பற்றிய பல ஆய்வுகளை 2014இல் தொகுத்துப் பார்த்தார்கள். வன்முறை ஆளுக்கு ஆள் மாறுவதில் ஏறத்தாழ 1 சதவீதத்தைத்தான் இரக்கக் குறைவால் விளக்க முடிந்தது.

அப்படியானால் கோளாறு எங்கே? மங்கலாகத் தொடங்கி மெல்லத் தெளியும் முகப்படங்களை அமெரிக்க உளவியலாளர் சேத் போலக் பிள்ளைகளிடம் காட்டினார். அடிபட்டு வளர்ந்தவர்கள், படம் தெளியும் முன்பே கோபத்தை அடையாளம் கண்டார்கள். 2002இல் வெளியான முடிவு இது. குடித்துவிட்டு வரும் அப்பாவின் முகத்தை வாசலிலேயே படித்து ஒதுங்கிய பிள்ளைக்கு அந்தக் கூர்மைதான் காவல். இல்லத்துக்கு வந்த பிறகும் அந்தக் காவல் தூங்குவதில்லை. சாதாரணப் பார்வையும் முறைப்பாகத் தெரிகிறது. தற்செயலா, வேண்டுமென்றேவா என்று புரியாத செயலை முரட்டுப் பையன்கள் பகையாகவே எடுத்துக்கொள்வதை 1980இலேயே கென்னத் டாட்ஜ் காட்டியிருந்தார்.

ஆகவே நீதிபோதனை பலிக்காது. நிதானித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். சிகாகோவில் இதற்கான ஒரு பயிற்சியில் பையன்களை இருவர் இருவராக நிறுத்தி, ஒருவன் கையில் பந்தைக் கொடுக்கிறார்கள். மற்றவன் அதை 30 நொடிகளில் வாங்க வேண்டும். பெரும்பாலும் கைகலப்புதான். "கேட்டுப் பார்த்தாயா?" என்று பயிற்றுநர் கேட்கும்போதுதான் உறைக்கிறது. அவசர முடிவைத் தள்ளிப்போடக் கற்பிக்கும் பயிற்சியை அந்நகரின் சிறார் காப்பகத்தில் நடத்தியபோது, திரும்பவும் அங்கே வந்து சேர்வது ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது.

பெரியவர்களின் முகமும் முக்கியம். ஷிஃப்ட் மாறும் வார்டன்களை நாளும் புதிதாக எடைபோட வேண்டிய பிள்ளைக்குக் காவலைத் தளர்த்த நேரமேது? சில பிள்ளைகளுக்கு ஒரு வீடு, ஒரு அம்மா என்ற முறையில் இயங்கும் எஸ்ஓஎஸ் குழந்தைகள் கிராமம் புதுச்சேரியிலும் உண்டு. அந்த முறையின் பலமே மாறாத முகம்தான்.

காப்பக ஊழியர் பிள்ளையை அடிப்பது, 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 82ஆம் பிரிவின்படி குற்றம். அறிவியலும் அதே பக்கம்தான். எல்லா முகத்திலும் ஆபத்தைத் தேடும் பையனை அடித்தால், "நான் நினைத்தது சரிதான்" என்பதைத்தான் அவன் கற்றுக்கொள்வான்.