எடைக்கு வரும் பழைய கோடாரி

நமது உறுப்பினர்களில் மளிகையோடு சேர்த்துக் கயிறு, ஆணி, மண்வெட்டி, அரிவாள் என்று இரும்புச் சாமானும் விற்பவர்கள் பலர் உண்டு. கிராமத்து வாடிக்கையாளர் அரிசி, பருப்பு வாங்க வந்த இடத்திலேயே கோடாரியும் கேட்பார். அப்படிப்பட்ட கடைக்காரர்களுக்காக, என் அனுபவத்தில் கண்டதை எழுதுகிறேன்.

சமையல் எரிவாயு வந்தபின் வீட்டுக் கோடாரிகள் காயலான் கடைக்குப் போய்விட்டன. அங்கே அவை சைக்கிள் ரிம்மோடும் ஓட்டை வாளியோடும் கிடக்கும்; கிலோ கணக்கில் கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் கோடாரிக்குத் தேவை போய்விடவில்லை. கல்யாண சமையல்காரர், செங்கல் சூளைக்காரர், ராமநாதபுரம் பக்கம் சீமைக் கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடுபவர் என்று வாங்க ஆள் இருக்கிறது. எனவே நல்ல தலையாகப் பொறுக்கிச் சீர் செய்து விற்றால் கட்டுப்படியாகும்.

பொறுக்குவதில்தான் விஷயம் இருக்கிறது. துருவைக் கண்டு பயப்பட வேண்டாம். மேல் துரு போய்விடும். காம்பு செருகும் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருந்தால் மட்டும் தொடவே தொடாதீர்கள். சந்தேகம் இருந்தால் மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புப் பொடி தூவிப் பாருங்கள். விரிசல் இருந்தால் அந்த இடத்தில் ஈரக்கோடு தெரியும். அடுத்தது வாய். நம் ஊர்ப் பட்டறையில் அடித்த கோடாரிகள் பலவற்றில் உடல் சாதா இரும்பு, வாயில் மட்டும் உருக்கு. வருடக்கணக்கில் தீட்டித் தீட்டி அந்த உருக்குத் தேய்ந்து போயிருந்தால் எவ்வளவு தீட்டினாலும் வாய் நிற்காது. அரத்தை வைத்து ஓர் இழுப்பு இழுத்தால் தெரிந்துவிடும். ஆணியை அராவுவது போல் மெத்தென்று இறங்கினால் அது வெறும் இரும்பு. கொஞ்சம் முரண்டிக்கொண்டு பிடித்தால் சரியான பதம். வழுக்கிக்கொண்டே போனால் பதம் அதிகம், வெட்டும்போது வாய் தெறிக்கும்.

துரு எடுக்க வேண்டிய சரக்கு நம் கடையிலேயே இருக்கிறது. வினிகரிலோ கெட்டியான புளிக் கரைசலிலோ ஓர் இரவு ஊறப்போட்டு, காலையில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஆப்ப சோடா கலந்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்து எண்ணெய் தடவ வேண்டும். விற்காமல் தங்கிப்போன பழம்புளிக்கு இது நல்ல வழி. சீக்கிரம் ஆகட்டும் என்று கக்கூஸ் கழுவும் ஆசிட்டில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது இரும்பையே அரிக்கும், உருக்கை நொறுங்கும்படி ஆக்கும். அதன் ஆவி பட்டால் பக்கத்தில் உள்ள சரக்கெல்லாம் துருப்பிடிக்கும்.

வாய் தீட்டும்போது அவசரம் கூடாது. கரண்டுச் சாணையில் பொறி பறக்கப் பிடித்தால் ஐந்து நிமிடத்தில் பளபளவென்று ஆகிவிடும், பார்க்கிறவருக்கும் திருப்தி. ஆனால் வாய் ஓரம் நீலம் பாய்ந்ததா என்று பாருங்கள். சுமார் 290 டிகிரி சூட்டுக்கு மேல் போனால் அந்த நீலம் வரும். வந்தால் அந்த இடத்தின் பதம் போயிற்று, நம் சாணையே அந்தக் கோடாரியைக் கெடுத்துவிட்டது என்று பொருள். அரமும் தண்ணீர்ச் சாணைக்கல்லும் போதும். கரண்டுச் சாணைதான் வேண்டுமென்றால் வெறுங்கையால் பிடித்து, கை சுடும் முன் தண்ணீரில் முக்குங்கள். தலையின் பின்பக்கம் சம்மட்டியால் அடிபட்டுக் காளான் போல் விரிந்திருந்தால் அந்த விளிம்பையும் அராவிவிட வேண்டும். அதிலிருந்து தெறிக்கும் சில்லு கண்ணில் படும்.

காம்பைப் பற்றிச் சொல்லும்போது என் கடையில் நடந்ததை மறைக்க முடியாது. சில வருடங்களுக்கு முன் மாசி மாதத்தில் ஒருவருக்குக் காம்பு போட்ட கோடாரி விற்றேன். தலை லேசாக ஆடியது. எல்லாரும் செய்வதுதானே என்று இரவு முழுதும் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைத்தேன். காலையில் கல் போல இறுகியிருந்தது, கொடுத்து அனுப்பினேன். பங்குனி வெயிலில் மரம் காய்ந்து முன்னைவிடச் சுருங்கிவிட்டது. விறகு பிளக்கும்போது தலை கழன்று பறந்து, திண்ணையில் உட்கார்ந்திருந்த அவர் மகனுக்கு ஒரு முழம் தள்ளிச் சுவரில் அடித்தது. மறுநாள் கோடாரியைக் கொண்டுவந்து கல்லாப்பெட்டி மேல் வைத்தார். சத்தம் போடவில்லை. "நீங்க சொல்லித்தானே அண்ணாச்சி வாங்கினேன்" என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இன்னும் அந்த வார்த்தை மறக்கவில்லை.

தண்ணீரில் ஊறிய மரம் துளைக்குள் உப்பும்போது அதன் நார்கள் நசுங்கிவிடுகின்றன. காய்ந்தபின் பழைய அளவுக்கு அவை திரும்புவதில்லை. எனவே இப்போது நான் நன்றாகக் காய்ந்த நாட்டுக் கருவேலங் காம்புதான் போடுகிறேன். காம்பு முனையில் தெரியும் ரேகை, கோடாரி வாய் நிற்கும் திசையிலேயே ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் காம்பு முறியும். முனையை வாளால் பிளந்து, துளையில் இறக்கி, காய்ந்த மர ஆப்பு அடிக்கிறேன். ஆணி அடிப்பதில்லை. ஒரு வாரம் கடையில் தொங்கவிட்டு, ஆப்பை மறுபடி அடித்துப் பார்த்த பிறகே விற்பனை. நாட்பட்ட வேலைதான். மாதத்துக்குப் பத்துக்கு மேல் என்னால் முடிவதில்லை.

காம்புக்கு லின்சீட் எண்ணெய் தடவுவது நல்லது. ஆனால் எண்ணெய் தோய்ந்த பழந்துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. இந்த எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள் அது அடங்கித் தானாகவே தீப்பிடிக்கும். சாக்கும் சூடமும் தீப்பெட்டியும் அடுக்கிய மளிகைக் கடையில் இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. துணியை வெளியே கொடியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் டப்பாவில் அமுக்கி வையுங்கள்.

கணக்கில் ஒரு நுணுக்கம். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது கோடாரி, மண்வெட்டி, அரிவாள் போன்ற விவசாயக் கைக்கருவிகளுக்கு (தொகுப்பு எண் 8201) வரி விலக்கு அளிக்கப்பட்டது. பழைய இரும்புக்கோ (7204) 18 சதவிகிதம். காயலான் கடைக்காரர் 'பழைய இரும்பு' என்று பில் போட்டால் அந்த வரியை நீங்கள் திரும்ப எடுக்க முடியாது. விற்கும் பொருளுக்கு வரி இல்லையே. அது அடக்க விலையில்தான் சேரும். மேலும் 2024 அக்டோபர் 10 முதல், பதிவு பெற்ற வியாபாரி பதிவில்லாதவரிடம் உலோகக் கழிவு வாங்கினால் வரியை வாங்குபவரே கட்ட வேண்டும். ஆகவே கொள்முதல் ரசீதில் என்ன எழுதுவது என்பதை உங்கள் ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, பிறகு விலை போடுங்கள்.