எள்ளில் கொம்புப் புழுவை இனங்காண்பது எப்படி?

நேற்றுவரை தழைத்து நின்ற எள் செடி, இன்று காலையில் வெறும் தண்டாக நிற்பதைக் கண்டு உழவர்கள் திகைப்பதுண்டு. உடனே தெளிப்பானைத் தேட வேண்டாம். முதலில் செடியின் அடியில் பாருங்கள். மிளகளவில், வரியோடிய எச்சங்கள் உதிர்ந்து கிடந்தால் அது கொம்புப் புழுவின் வேலையாகவே இருக்கும்.

தாய் அந்துப்பூச்சி

இது பருந்து அந்துப்பூச்சி வகையைச் சேர்ந்தது. இறக்கைகளை விரித்தால் சுமார் 10 செ.மீ. அகலமிருக்கும். மார்பின் முதுகுப் புறத்தில் மண்டையோடு போன்ற குறி காணப்படும். இதுவே முக்கிய அடையாளம். முன் இறக்கைகள் கரும்பழுப்பு நிறமானவை. பின் இறக்கைகள் மஞ்சள் நிறத்தில் கரும்பட்டைகளுடன் இருக்கும். பிடித்தால் கீச்சென்று ஒலி எழுப்பும். இரவில் தேன்கூட்டில் நுழைந்து தேனைக் குடிக்கும். ஆனால் மனிதரைக் கடிப்பதோ கொட்டுவதோ இல்லை.

புழு

தாய் அந்துப்பூச்சி முட்டைகளை இலைகளில் தனித்தனியாக இடும். முழு வளர்ச்சி பெற்ற புழு விரல் பருமனில், சுமார் 10 செ.மீ. நீளமிருக்கும். பெரும்பாலும் பச்சை நிறம்; மஞ்சள், பழுப்பு நிறப் புழுக்களும் உண்டு. பச்சைப் புழுவின் பக்கவாட்டில் சாய்ந்த கோடுகள் தெரியும். வால் நுனியில் வளைந்த, சொரசொரப்பான கொம்பு ஒன்று இருக்கும். இக்கொம்பில் விஷம் கிடையாது. பயமின்றிக் கையால் எடுக்கலாம்.

தளிர்களை நூலால் பின்னி, உள்ளிருந்து தின்னும் சிறிய புழு இதுவன்று. அது இலைபிணைக்கும் புழு. பூவையும் காயையும் தாக்கும். கொம்புப் புழு இலைகளைப் பிணைக்காது. வெளியிலிருந்தே தின்று தீர்க்கும். கத்தரி, அவரை, உருளைக்கிழங்கு, மல்லிகை ஆகியவற்றையும் இது தின்னும்.

கட்டுப்படுத்தும் முறைகள்

1. முட்டைகள் தனித்தனியாக இடப்படுவதால் புழுக்கள் வயலில் ஆங்காங்கே சிதறியே இருக்கும். எச்சம் கிடக்கும் செடிகளில் தேடி, கையால் பொறுக்கி அழிப்பதே போதுமானது.

2. வளர்ந்த புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிறது. எனவே அறுவடைக்குப் பின் ஆழ உழவேண்டும். வெளிப்படும் கூட்டுப்புழுக்களை மைனாவும் கரிச்சானும் கொத்தித் தின்னும்.

3. விளக்குப் பொறி வைத்து அந்துப்பூச்சிகளைக் கவர்ந்து அழிக்கலாம்.

நாலைந்து புழுக்களுக்காக, பூத்து நிற்கும் எள் வயல் முழுவதும் மருந்தடித்தால் பணம் விரயமாவதுடன், மகரந்தச் சேர்க்கைக்கு உதவும் தேனீக்களும் மடியும். எனவே பூச்சியை இனங்கண்டபின் ஆவன செய்து, செலவைக் குறைத்துப் பயிரைக் காப்போமாக.