நிறுத்தச் சொல்லும் உரிமை

இந்திய விமானப்படையின் சுபான்ஷு சுக்லா 2025 ஜூன் 11 அன்று அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து விண்வெளிக்குப் புறப்பட்டிருக்க வேண்டும். ஏவுதளத்தில் ஃபால்கன் 9 ராக்கெட்டின் எஞ்சின்களை இயக்கிச் சோதித்தபின், திரவ ஆக்ஸிஜன் கசிவது தெரியவந்தது. பயணம் தள்ளிப்போனது.

ராக்கெட் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்துடையது. ஏற்பாடு ஆக்ஸியம் என்ற தனியார் நிறுவனத்துடையது. இந்தியா கட்டணம் செலுத்தி ஓர் இருக்கை பெற்றிருந்தது, அவ்வளவுதான். ஆனாலும் கசிவை முழுமையாகச் சரிசெய்து மறுபடி சோதிக்க வேண்டும் என்று இஸ்ரோ வலியுறுத்தியது. ஆக்ஸிஜன் செல்லும் குழாயில் விரிசல் இருந்ததாகவும், அப்படியே ஏவியிருந்தால் பேரழிவில் முடிந்திருக்கும் என்றும் இஸ்ரோ தலைவர் வி. நாராயணன் பின்னர் சொன்னார். குமரி மாவட்டத்துக்காரரான அவர், மிகக் குளிர்ந்த திரவங்களில் இயங்கும் கிரையோஜெனிக் எஞ்சின்களிலேயே பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவர். ஆக்ஸிஜன் மைனஸ் 183 டிகிரி செல்சியஸில்தான் திரவமாகும். அது கசிந்து பரவிய இடத்தில் சாதாரணமாக எரியாத பொருளும் பற்றிக்கொள்ளும்.

இதற்கிடையே, சுக்லா செல்லவிருந்த சர்வதேச விண்வெளி நிலையத்தின் ரஷ்யப் பகுதியான ஸ்வெஸ்தாவில் காற்றழுத்தச் சிக்கல் எழுந்ததால் தேதி மேலும் தள்ளிப்போனது. ஜூன் 25-ல் ராக்கெட் கிளம்பியது. சுக்லா, அமெரிக்காவின் பெக்கி விட்சன், போலந்து, ஹங்கேரி நாடுகளின் வீரர்கள் இருவர் என மொத்தம் நால்வர். ஜூலை 15-ல் நலமாகத் திரும்பினார்கள்.

இப்படிப் பல நாடுகள் சேரும் பயணத்தில் கைகுலுக்குவது எளிது. கருவிகள் பொருந்துவதுதான் கடினம். 1975-ல் அமெரிக்க அப்பல்லோவும் சோவியத் சோயுஸும் விண்ணில் இணைந்தன. அப்பல்லோவில் குறைந்த அழுத்தத்தில் தூய ஆக்ஸிஜன், சோயுஸில் நாம் சுவாசிப்பது போன்ற காற்று. நேராகக் கதவைத் திறக்க முடியாது. அழுத்தத்தைச் சரிப்படுத்த இடையில் தனி அறை ஒன்றையே செய்தார்கள். இந்தியாவுக்கும் இத்தகைய கூட்டு புதிதல்ல. 1984-ல் இந்தியாவின் ராகேஷ் சர்மா சோவியத் கலத்தில் விண்வெளிக்குச் சென்றார். மனிதரை விண்ணுக்கு அனுப்பும் இந்தியத் திட்டமான ககன்யானுக்குத் தேர்வான வீரர்கள் நால்வரும் ரஷ்யாவில் பயிற்சி பெற்றவர்கள்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கார் ஆலைகளில் வேலை செய்பவர்களுக்கு, கசிவைச் சரிசெய்யாமல் ஏவக்கூடாது என்ற இஸ்ரோவின் தர்க்கம் புரியும். குறை கண்டால் லைனை நிறுத்த வேண்டும். லைன் நின்றால் நஷ்டம்தான். குறையோடு வண்டி வெளியே போனால் அதைவிடப் பெரிய நஷ்டம். மனிதர் ஏறும் ராக்கெட்டில் அந்த நஷ்டத்தை ஈடுகட்டவே முடியாது.

இதே தொழில் வட்டாரத்தில், வல்லம் வடகாலில், விமான, விண்வெளித் தொழில்களுக்கென்றே தனிப் பூங்கா அமைந்திருக்கிறது. அங்கே காலூன்ற நினைக்கும் சிறு நிறுவனங்கள் விலையைக் குறைத்து ஆர்டர் பிடிக்கலாம் என்று எண்ண வேண்டாம். ஒரு குழாய் எந்த உலோகத்தில் செய்யப்பட்டது, யார் வெல்டிங் செய்தார், எந்தச் சோதனையில் தேறியது என்ற பதிவு கையில் இருக்க வேண்டும். வேலையை நிறுத்தச் சொல்லும் துணிவு கடைநிலைப் பணியாளருக்கும் இருக்க வேண்டும். இவ்விரண்டும் உள்ள ஆலையைத்தான் வெளிநாட்டு விண்வெளி நிறுவனங்கள் நம்பும்.