கீரை நல்லதுதான், யார் ஆய்வது?

முருங்கைக்கீரை உடம்புக்கு நல்லதா என்று சங்கரன்கோவிலில் எந்தத் தெருவில் நின்று கேட்டாலும், கேட்பவரை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். ரத்தம் ஊறும், கண்ணுக்கு நல்லது என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு எடை கூடுதல். நல்லது கெட்டது தெரியாததால் இந்த நிலை வந்தது என்று என்னால் நம்ப முடியவில்லை.

தெரிந்ததற்கும் தட்டில் விழுவதற்கும் நடுவே என்ன நிற்கிறது? இதை அளப்பதற்கென்றே உளவியலில் கேள்வித்தாள்கள் இருக்கின்றன. அவற்றைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குவதுதான் என் பிழைப்பு. தறிச் சத்தத்தில் கேள்வியை இரண்டு தடவை கத்திச் சொல்ல வேண்டிய தெருக்களில்தான் பெரும்பாலும் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு மனுஷியின் மனதை நாம் நுணுக்கமாக அளக்கிறோம், அவள் சாப்பிடுகிற வீட்டை அளக்க விட்டுவிடுகிறோம் என்பது அங்கே எனக்குப் பட்டது.

இந்தத் துறையில் அதிகம் புழங்குவது, ஐசெக் அய்சன் 1991-ல் விரித்து எழுதிய ‘திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு’. அது மூன்று விஷயங்களைக் கேட்கிறது. காய்கறி, கீரை நிறையச் சாப்பிடுவது நல்லது என்று நினைக்கிறீர்களா? உங்களுக்கு வேண்டியவர்கள் அதை எதிர்பார்க்கிறார்களா? அப்படிச் சாப்பிட உங்களால் முடியுமா? மூன்றும் கூடினால் எண்ணம் பிறக்கும், எண்ணம் செயலாகும் என்பது கணக்கு. ஒவ்வொன்றுக்கும் நாலைந்து கேள்விகள் வரும். “முழுக்க ஒத்துக்கொள்கிறேன்” என்பதிலிருந்து “கொஞ்சமும் ஒத்துக்கொள்ளவில்லை” என்பது வரை பதிலைப் படிப்படியாக வைப்பது ரென்சிஸ் லிக்கர்ட் 1932-ல் கொண்டுவந்த முறை. “கேட்டதையே கேக்கியளே” என்று சலித்துக்கொள்வார்கள். ஒரே கேள்விக்கு வரும் பதில் அந்த நேரத்து மனசாக இருக்கலாம். நாலு கேள்விக்கும் பதில் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் நம்ப முடியும். அந்தச் சாய்வை ஓர் எண்ணாகச் சொல்ல லீ கிரான்பாக் 1951-ல் விளக்கிய ‘ஆல்ஃபா’தான் இன்றும் கைகொடுக்கிறது.

எங்கள் பக்கத்துப் பெண்கள் இப்படிப் படிகட்டிப் பதில் சொல்வதில்லை. அதனால் பத்துப் புளியங்கொட்டையைத் தரையில் போட்டு, எத்தனை என்று எடுத்து வைக்கச் சொல்வேன். தார் சுற்றிக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் அப்படித்தான் கேட்டேன். கீரை நல்லது என்பதற்குப் பத்தையும் தள்ளினார். வீட்டில் உள்ளவர்கள் விரும்புவார்களா என்றதற்கு ஆறு. வாரத்தில் மூன்று நாள் கீரை வைக்க முடியுமா என்றதும் ராட்டையில் இருந்த கை நின்றது. இரண்டு கொட்டையை எடுத்தார், ஒன்றைத் திரும்பப் போட்டார்.

“கீரை வாங்கிரலாம் தாயி. அஞ்சு மணிக்கு எந்திரிச்சி, சோறாக்கி, புள்ளைகளப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டு இதுல வந்து உக்காந்தா ராத்திரி ஆயிருது. உக்காந்து ஆயிறதுக்கு யாரு இருக்கா?”

நம்பிக்கை பத்து, முடிவது ஒன்று. இந்த அக்காவிடம் போய்க் கீரையின் நன்மைகளை எடுத்துச் சொல்லும் எந்தச் சுவரொட்டியும் ஏற்கெனவே நிறைந்திருக்கும் பத்தின் மேல்தான் போய் விழும். கேள்வித்தாளின் அருமையே, எந்த இடத்தில் அடைத்திருக்கிறது என்று தனியாகக் காட்டிவிடுவதுதான். மூன்றையும் கூட்டிச் சராசரி போட்டால் அந்த ஒன்று காணாமல் போய்விடும்.

இந்தக் கோட்பாட்டின் எல்லையும் தெரிந்ததுதான். மெக்கீச்சன் குழுவினர் 2011-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உணவுப் பழக்கத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தில் சுமார் 21 சதவீதத்தை மட்டுமே அதனால் விளக்க முடிந்தது. மீதி எங்கே இருக்கிறது? பழக்கத்தில், பணத்தில், பக்கத்தில் இருக்கிறவர்களிடத்தில் தேட வேண்டியிருக்கிறது.

பக்கத்தில் இருக்கிறவர்களை அளக்க ஜேம்ஸ் சாலிஸ் குழுவினர் 1987-லேயே ஒரு தாள் செய்தார்கள். கடந்த மூன்று மாதத்தில் வீட்டில் உள்ளவர்கள் உங்களுக்கு ஊக்கம் கொடுத்தார்களா, அல்லது நீங்கள் தவிர்க்க நினைக்கும் பண்டத்தை உங்கள் முன்னாலேயே சாப்பிட்டார்களா என்று அது கேட்கிறது. நண்பர்களைப் பற்றித் தனியாகக் கேட்கிறது. இதை எங்கள் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். ராத்திரி வேலை முடித்து வருகிற வீட்டுக்காரர் கையில் வாழையிலையில் மடித்த புரோட்டாவும் சால்னாவும் வருகிறது. சர்க்கரை உள்ள மனைவி அதை வேண்டாம் என்று தள்ளினால், ஆசையாக வாங்கி வந்தவரின் முகம் வாடும். அந்தப் பொட்டலத்தில் பாசமும் இருக்கிறது. “மன உறுதி வேண்டும்” என்று அவளுக்குச் சொல்லும் மருத்துவ அறிவுரை இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

ஆண்ட்ரூ ஸ்டெப்டோவும் உடன் ஆய்வாளர்களும் 1995-ல் வெளியிட்ட உணவுத் தேர்வுக் கேள்வித்தாள் நல்ல கருவி. 36 கேள்விகள், ஒன்பது காரணங்கள்: ஆரோக்கியம், மனநிலை, வசதி, ருசி, இயற்கைத் தன்மை, விலை, எடை, பழகிய சுவை, அறவுணர்வு. “நான் சாப்பிடும் உணவு” என்றே அது தொடங்குகிறது. தனக்கென்று உணவைத் தேர்ந்தெடுக்கும் ஆளை மனதில் வைத்துச் செய்தது. மூன்று வேளையும் மற்றவர்களுக்காகச் சமைத்து, மிஞ்சியதைத் தான் சாப்பிடுகிறவளிடம் அதை நீட்டும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும்.

என் மனதுக்கு மிக நெருக்கமானவர் கர்ட் லெவின். இரண்டாம் உலகப் போர்க் காலத்து அமெரிக்காவில் இறைச்சி தட்டுப்பாடு. மக்கள் ஒதுக்குகிற இதயம், சிறுநீரகம் போன்ற பகுதிகளைச் சமைக்க வைக்க வேண்டும் என்று அரசு நினைத்தது. லெவின் முதலில் கேட்டது, உணவு வீட்டுக்குள் எந்த வழியாக வருகிறது, அந்த வாசலில் நிற்பது யார் என்று. பெரும்பாலும் குடும்பத்தலைவி. பிறகு செஞ்சிலுவைச் சங்கத் தன்னார்வப் பெண்களைக் குழுக்களாகப் பிரித்தார். சில குழுக்களுக்குச் சத்து, சிக்கனம், சமையல் குறிப்பு எல்லாம் சேர்த்து நல்ல சொற்பொழிவு. மற்ற குழுக்களில் பெண்களே தங்களுக்குள் பேசினார்கள்: வீட்டுக்காரர் என்ன சொல்வார், சமைக்கும்போது வாடை வருமே, பிள்ளைகள் தொடுமா. கடைசியில் யாரெல்லாம் சமைத்துப் பார்ப்பீர்கள் என்று கேட்டு, கை தூக்க வைத்தார்கள். பிறகு விசாரித்ததில், சொற்பொழிவு கேட்டவர்களில் 3 சதவீதம் பேர் அதைச் சமைத்திருந்தார்கள். கூடிப் பேசி முடிவெடுத்தவர்களில் 32 சதவீதம். 1943-ல் வெளிவந்த முடிவு இது. வாராவாரம் கூடுகிற மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தெருவுக்குத் தெரு இருக்கிற நம் ஊரில், இன்னும் ஒலிபெருக்கியையும் துண்டறிக்கையையும் நம்பிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

லெவின் பார்த்த வாசல் நம் வீடுகளில் பல துண்டாகக் கிடக்கிறது. பணம் ஒருவர் கையில், சந்தைக்குப் போவது இன்னொருவர், என்ன குழம்பு என்று சொல்வது மாமியார், அடுப்படியில் நிற்பது மருமகள். மாமியார் காதில் விழும்படி மருமகளிடம் “தினமும் காய் சாப்பிடுகிறீர்களா” என்று கேட்டால் “சாப்பிடுதேன்” என்ற பதில்தான் வரும். நல்லபடியாகத் தெரிய வேண்டும் என்று பதிலைத் திருத்திச் சொல்லும் இந்த இயல்பை அளக்கவே கிரவுனும் மார்லோவும் 1960-ல் 33 கேள்விகள் கொண்ட தனித் தாள் செய்தார்கள். நான் செய்வது சாதாரணக் காரியம். அடுப்படிப் பக்கம் போய் உட்கார்ந்து, “நேத்து எந்திரிச்சதுல இருந்து என்னென்ன சாப்பிட்டிய மதினி?” என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். காலையில் வெறும் டீ, பதினோரு மணிக்குப் பழைய சோறு, மூன்று மணிக்கு அடிக்குழம்பு என்று நேற்றைய நாள் தானே வரிசையாக வரும்.

இந்திய மனித வளர்ச்சி ஆய்வில், 2004-05-லும் 2011-12-லும், வீட்டில் ஆண்கள் முதலில் சாப்பிடுகிறார்களா, எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிறார்களா என்ற கேள்வி இருந்தது. உணவுப் பழக்கத்தை அளக்கும் ஒவ்வொரு தாளிலும் அந்தக் கேள்வி இருக்க வேண்டும். கூடவே காய் வாங்கும் காசு யார் கையில், வேலை முடிவதற்கும் அடுப்புப் பற்றவைப்பதற்கும் நடுவே எத்தனை நிமிடம் என்பவையும் வேண்டும்.

நேரத்தையும் கையையும் கணக்கில் எடுத்தால் தீர்வும் வேறாகும் என்பதற்கு, 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் சாட்சி. காலை உணவு நல்லது என்று தாய்மாருக்குப் பாடம் எடுப்பதோடு நிற்காமல், உப்புமாவையும் பொங்கலையும் காய் போட்ட சாம்பாரோடு பள்ளியிலேயே கொடுத்துவிட்டது. தார் சுற்றும் அக்காவுக்கும் அதுபோல ஒன்று தேவை. சாயந்திரம் ஆறு மணிக்கு ஆய்ந்த கீரையைக் கட்டிக் கொண்டுவந்து தறித்தெரு முக்கில் விற்க ஒரு சுயஉதவிக் குழு முன்வந்தால், நகராட்சி அதற்கு நிழலோடு ஓர் இடம் ஒதுக்கித் தரட்டும். ஆறு மாதம் கழித்து அதே புளியங்கொட்டைகளை எடுத்துக்கொண்டு நான் திரும்பப் போய்க் கேட்கிறேன்.