படகின் உந்துவிசையும் சுக்கானும்

சென்னையின் வடகோடியில், கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்தை அடுத்து அமைந்திருப்பது காத்திவாக்கம். இந்த வட்டாரத்தில் இருவகை ஊர்திகளை அருகருகே காணலாம். ஒன்று, 1948ஆம் ஆண்டில் அசோக் மோட்டார்ஸ் எனத் தொடங்கி 1955இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய நிறுவனத்தின் எண்ணூர்த் தொழிற்சாலை உருவாக்கிய லாரி. மற்றொன்று, மீனவர் குப்பத்துக் கரையில் நிற்கும் இயந்திரப் படகு. இரண்டிலும் இயந்திரம் உண்டு. சுழலும் தண்டு உண்டு. திசை திருப்பும் கருவியும் உண்டு. ஆயினும் இவற்றினிடையே பெரியதொரு வேற்றுமை இருக்கிறது.

லாரியின் சக்கரங்களுக்குத் தரை பிடிப்பளிக்கிறது. பின்சக்கரம் தள்ளுகிறது, முன்சக்கரம் திருப்புகிறது. படகுக்கோ பிடிமானமான தரை இல்லை. அதைத் தள்ளுவதும் நீர்தான், திருப்புவதும் நீர்தான். ஆகவே படகில் உந்துதலையும் திருப்புதலையும் தனித்தனியே எண்ணிப் பொருத்த இயலாது. உந்துவிசை நேர்கோட்டிலிருந்து சற்றே விலகினாலும், அந்தப் பிழைக்குரிய கடனைச் சுக்கான் ஓயாது தீர்த்துக்கொண்டே இருக்கவேண்டும். மீனவரின் படகுக்கும், மாணவர்கள் வானொலி அலையால் இயக்கும் பந்தயப் படகுக்கும் இது பொதுவான விதி. அதையே இங்கு விளக்க முற்படுகிறேன்.

முதலில் ‘புரொப்பெல்லர்’ என்னும் சுழல்விசிறியை எடுத்துக்கொள்வோம். இது நீரில் ஓடும் ஒரு திருகாணி. திருகாணி ஒரு சுற்றுச் சுற்றும்போது மரத்துக்குள் எவ்வளவு முன்னேறுகிறதோ, அதனைப் புரியிடைத் தூரம் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். விசிறிக்கும் புரியிடைத் தூரம் உண்டு. பந்தயப் படகின் விசிறி ஒன்றுக்கு அது 56 மில்லிமீட்டர் என்று கொள்வோம். நிமிடத்துக்கு 20,000 முறை சுழன்றால் 1,120 மீட்டர் செல்லவேண்டும். அதாவது மணிக்கு 67 கிலோமீட்டர். ஆனால் நீர் மரத்தைப் போல் உறுதியானதன்று. அது வழுவிச் செல்லும். நூற்றில் பதினைந்து பங்கு வழுவினால், மணிக்கு 57 கிலோமீட்டரே கிட்டும்.

இங்கிலாந்தில் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்பவர் 1837இல் மரத் திருகு ஒன்றைப் படகில் பொருத்திக் கால்வாயில் ஓட்டினார். திருகின் பாதி உடைந்து போயிற்று. படகு நிற்கவில்லை, முன்னிலும் விரைந்து சென்றது! விசிறி பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, அளவாக இருக்கவேண்டும் என்பதை அந்த உடைசல் கற்பித்தது. 1845இல் பிரிட்டிஷ் கடற்படை, விசிறி பூட்டிய ‘ராட்லர்’ கப்பலையும் பக்கச் சக்கரம் பூட்டிய ‘அலெக்டோ’ கப்பலையும் பின்னோடு பின்னாகக் கட்டி இழுக்கவிட்டது. ராட்லர் மற்றதைத் தன் பின்னே இழுத்துச் சென்றது.

விசிறி வென்றது, ஆனால் நம் கரைக்கு அது புதியதொரு சிக்கலையும் கொண்டுவந்தது. காத்திவாக்கம் போன்ற கரைகளில் படகு அலைகளைக் கடந்து மணலில் ஏறவேண்டும். அடிப்பாகத்தில் நிலையாகப் பூட்டிய விசிறியும் சுக்கானும் மணலில் மோதினால் முறிந்துபோகும். கட்டுமரத்துக்கு இத்தொல்லை இருந்ததில்லை. துடுப்பை எந்த நேரத்திலும் தூக்கிக்கொள்ளலாம் அல்லவா?

இதற்குக் கிடைத்த எளிய விடைதான் ‘லாங் டெயில்’ என்று வழங்கும் நீள்வால் இயந்திரம். படகின் பின்விளிம்பில் ஒரு சுழல்முளை, அதன்மேல் இயந்திரம், அதிலிருந்து பின்னோக்கி நீளும் தண்டு, தண்டின் நுனியில் விசிறி. கைப்பிடியை அழுத்தினால் விசிறி நீரைவிட்டு எழும்பும். கைப்பிடியை இடப்புறம் தள்ளினால் விசிறி வலப்புறம் செல்லும். படகின் பின்புறம் இடப்பக்கம் தள்ளப்பட, அணியம் வலப்புறம் திரும்பும். தனியே சுக்கான் வேண்டியதில்லை. உந்துவிசையே சுக்கானாகிவிடுகிறது.

இங்கே முக்கோண கணிதம் நமக்குத் துணை செய்கிறது. தண்டு நீர்மட்டத்துக்கு 15 பாகை சாய்ந்து, விசிறி 100 கிலோ விசையோடு தள்ளுவதாகக் கொள்வோம். முன்னே செலுத்துவது ஏறத்தாழ 97 கிலோ, மீதி எங்கே? ஏறத்தாழ 26 கிலோ விசை படகின் பின்புறத்தை மேலே தூக்குகிறது. (இரண்டையும் கூட்டி 100 வரவில்லையே என்று திகைக்கவேண்டாம், விசைகளின் வர்க்கங்களையே கூட்டவேண்டும்.) முன்னேற்றத்தில் நட்டம் மூன்றே கிலோ, தூக்கும் விசையோ கால் பங்கு. பின்புறம் தூக்கப்பட்டால் அணியம் தாழும். அலை எதிர்வரும் வேளையில் அணியம் தாழ்வது எத்தகைய ஆபத்து என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் சார்பில் 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டமும் இச்சிக்கலை ஆராய்ந்தது. இயந்திரம், தண்டு, விசிறி, சுக்கான் ஆகியவற்றை ஒரே தொகுதியாக்கி, கரை நெருங்கும்போது விசிறியும் சுக்கானும் சேர்ந்து மேலெழும்படி அதன் பொறியாளர்கள் ஓர் அமைப்பை உருவாக்கினர். உந்துவதும் திருப்புவதும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாதவை என்னும் கருத்துக்கு இதுவும் சான்று.

இனி, வானொலியால் இயங்கும் சிறு படகுக்கு வருவோம். நிக்கோலா டெஸ்லா 1898இல் நியூயார்க்கின் மாடிசன் சதுக்கப் பொருட்காட்சியில் இத்தகைய படகை முதன்முதலில் இயக்கிக் காட்டினார். இன்று கல்லூரி மாணவர்களும் இதனைச் செய்யலாம். கையிலுள்ள கருவி அலைகளை அனுப்ப, படகிலுள்ள ஏற்புக்கருவி ‘செர்வோ’ என்னும் சிறு மோட்டாருக்கு வினாடிக்கு ஏறத்தாழ 50 துடிப்புகளைத் தருகிறது. துடிப்பின் நீளம் 1.5 மில்லிவினாடியாயின் செர்வோவின் கை நடுவில் நிற்கும். 1 ஆயின் ஒருபுறமும், 2 ஆயின் மறுபுறமும் திரும்பும். அந்தக் கைதான் சுக்கானை அசைக்கிறது.

பந்தயப் படகில் மோட்டாரையும் விசிறியையும் இணைப்பது பெரும்பாலும் வளையக்கூடிய எஃகு முறுக்குவடம். முறுக்குவிசை ஏறும்போது அதன் புரிகள் இறுகவேண்டும். எதிர்த்திசையில் சுழற்றினால் பிரிந்து கெடும். இறுகும்போது வடம் சற்றுக் குறுகும். ஆதலால் விசிறியைப் பற்றும் உறுப்புக்கும் பின்தாங்கிக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி விடவேண்டும். விடாவிட்டால் தாங்கி உரசித் தேயும்.

பின்தாங்கியை முதலில் படகின் அடிமட்டத்துக்கு இணையாகவே பொருத்துங்கள். விசிறியின் முனை தாழ்ந்தால், நீள்வாலில் கண்டவாறே பின்புறம் எழும்பி அணியம் தாழும். விசிறியின் முனை உயர்ந்தால் அணியம் எழும்பும். அணியம் மிகுதியாக எழும்பினால் காற்று அடியில் புகுந்து படகைக் கவிழ்த்துவிடும். ஆகவே மாற்றம் சிறிதாக இருக்கட்டும். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒருசேர மாற்றினால், எது பயன் தந்தது என்று அறிய வழியில்லை.

பின்னிருந்து நோக்கக் கடிகாரமுள் திசையில் சுழலும் விசிறி, படகின் பின்புறத்தை வலப்பக்கம் தள்ளும். அதனால் அணியம் இடப்பக்கம் ஒதுங்கும். விசிறி பாதி மூழ்கி ஓடும் பந்தயப் படகில் இது மிகுதி. பலர் இதனைக் கையிலுள்ள கருவியின் பொத்தானால் சரிசெய்து மனநிறைவு கொள்வர். படகு நேரே செல்வது உண்மைதான், ஆனால் சுக்கான் எப்போதும் கோணலாக நின்று நீரை உழுகிறது, விரைவு குறைகிறது, ஒருபுறம் திரும்பும் ஆற்றலும் குன்றுகிறது. செர்வோ நடுவில் நிற்கும்போது சுக்கான் நேராக இருக்குமாறு இணைப்புக் கம்பியை முதலில் அமையுங்கள். பின்னர்த் தாங்கியை நுட்பமாக நகர்த்தி உந்துவிசையின் கோட்டைத் திருத்துங்கள். எஞ்சிய சிறு பிழையை மட்டுமே பொத்தானுக்கு விடுங்கள்.

மின்கலம் இணைந்திருக்கையில் விசிறியருகே விரலைக் கொண்டுசெல்லலாகாது. அமைதியான குளமே சோதனைக்கு ஏற்ற இடம். மக்கள் நீராடும் துறையோ முகத்துவாரமோ அன்று.

முகத்துவாரத்தைச் சொல்லக் காரணமுண்டு. மணல் தூர்ந்த எண்ணூர் வாயில் வழியே படகு வெளியேறும்போது, அலைமுகட்டில் விசிறி நீரைவிட்டு எழும்பினால் நீள்வால் படகு உந்துவிசையை மட்டும் இழப்பதில்லை. திருப்பும் ஆற்றலையும் அதே நொடியில் இழக்கிறது. அடுத்த அலைக்கு முன் அது பக்கவாட்டில் திரும்பிவிட்டால் கவிழக்கூடும். விசிறியில் கிழிந்த வலை சுற்றிக்கொண்டாலும் இதே நிலைதான். இயந்திரம் எவ்வளவு வலியதாயினும் படகில் ஒரு துடுப்பு இருக்கவேண்டும் என்பதற்கு இதுவே அறிவியல் காரணம். குளத்தில் உங்கள் சிறு படகு அலைக்கழிந்தால் ஒரு பந்தயம் மட்டும் போகும். கடலில் அவ்வாறு நேர்ந்தால் உயிர் போகும். தண்டின் சாய்வை ஒரு பாகை திருத்தும்போதெல்லாம் இந்த வேற்றுமையை மனத்திற் கொள்ளுங்கள். அளவில் கவனம் தானே வரும்.